பிலோமி இட்ட முட்டைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஆராதனைக்குப் புறப்பட்டுச் சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜெசிந்தா முதல் பூசைக்குப் போய்த் திரும்பிவிட்டிருந்தாள். எங்கள் வீட்டில் இரண்டு சபை, ஒரு சமையலறை. அவள் மணப்பாட்டுக் கத்தோலிக்கப் பெண்; நான் நாசரேத் ஊர்ப் புராட்டஸ்டண்டு. அந்தக் கதையை முன்பே எழுதியாயிற்று.

பின்னறையிலிருந்து அவள் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. அவள் குரலை உயர்த்தாமல் கூப்பிட்டால்தான் நான் வேகமாகப் போவேன்.

"மெதுவா வாங்க. உங்க பிலோமி முட்டை இட்டிருக்கா."

கண்ணாடித் தொட்டியின் மூலையில் பனையோலைப் பெட்டி. அதற்குள் ஈரமான தேங்காய் நார்த்தூள். அதன்மேல் செம்மஞ்சள் நிறத்தில் எங்கள் பாம்பு வளையமாகக் கிடந்தாள். வளையத்தின் நடுவே, ஒன்றோடொன்று ஒட்டிய ஒரு குவியலாக முட்டைகள். கோழி முட்டையைவிடச் சிறியவை, நீளமானவை. நிறம் மட்டும் நான் படித்ததுபோல் இல்லை. வெள்ளையாக இருக்க வேண்டியவை கடுந்தேநீரில் முக்கி எடுத்ததுபோல் இருந்தன.

ஈரத் தோலின் வாசனையும் பழைய கருப்பட்டி வாசனையும் கலந்து வந்தது. அந்த இரண்டாவது வாசனையை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

வீட்டுக்குள் ஒரு பாம்பு

சில வாரங்களுக்கு முன், இந்தப் பத்தியில் வேறு ஏதோ சொல்லும்போது, "எங்கள் வீட்டுப் பாம்பு" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அதன்பின் வந்த கடிதங்களில் என் துறைமுக வேலையைப் பற்றிக் கேட்டவர்கள் குறைவு. பாம்பைப் பற்றிக் கேட்டவர்கள்தான் அதிகம். புதிதாக வளர்க்க நினைக்கும் இரண்டு பேர், பாம்பு வளர்ப்பவர்களிடம் புழங்கும் சொற்களுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்த ஒழுங்கில் சொல்கிறேன். ஒவ்வொரு சொல்லும் எனக்கு ஒரு பயத்தோடு வந்தது; அந்தப் பயத்தையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. நம் ஊர்க் காட்டிலும் வேலியிலும் திரியும் பாம்பு எதையும் பிடித்து வளர்க்கக் கூடாது. அது சட்டப்படி குற்றம். பிலோமி அமெரிக்க இனம். கார்ன் ஸ்நேக் என்பார்கள், மக்காச்சோளப் பாம்பு. வயிற்றுப் பக்கம் பல நிறச் சோளமணி பதித்ததுபோல் கட்டம் கட்டமாக இருக்கும். விஷம் கிடையாது. எலியைச் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். வீட்டில் முட்டையிலிருந்து பொரிந்து வளர்ந்தவள், உரிய தாள்களோடு வந்தவள்.

பெயர் ஜெசிந்தா வைத்தது. மணப்பாட்டில் அவளுக்குப் பிலோமினா என்று ஒரு பெரியம்மை இருந்தார். பகல் முழுதும் படுத்திருப்பார். கோபம் வந்தால் ஒரு வாரம் சாப்பிடமாட்டார். யாராவது அருகில் போய் உட்கார்ந்தால் ஒன்றும் சொல்லாமல் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவார். பாம்பு வீட்டுக்கு வந்த முதல் வாரமே பெயர் உறுதியாகிவிட்டது.

தினேஷ்

ஜெசிந்தா கல்லூரி ஒன்றில் விலங்கியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனபோது, தெரிந்தவர் சொன்னார் என்று தினேஷ் என்ற இளைஞரின் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். முப்பது வயதிருக்கும். மாடியில் ஓர் அறை முழுக்க இரும்புச் சட்டகம், அதில் இழுப்பறை இழுப்பறையாகப் பெட்டிகள். அதை ரேக் என்கிறார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு. நாங்கள் போனபோது பெரும்பாலான பெட்டிகள் காலி.

அந்த வருட மழையில் அவர் தெருவுக்குள் வெள்ளம் வந்திருந்தது. மாடிக்கு ஏறவில்லை. ஆனால் பல நாள் மின்சாரம் இல்லை. குளிரும் ஈரமும் சேர்ந்து பாம்புகளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. பாம்புக்குச் சளி பிடிக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வாயைத் திறந்தபடி மூச்சு விடுமாம். அப்படி இறந்தவற்றில் ஒன்று, அவர் துரை என்று அழைத்த ஆண் பாம்பு.

துரையின் விசேஷம் முதுகு. கார்ன் ஸ்நேக்குக்கு முதுகில் சிவப்புத் திட்டுகள் வரிசையாக இருக்கும். துரைக்குத் திட்டே கிடையாது; தலையிலிருந்து வால்வரை உடையாத கோடுகள். இப்படி நிறமும் வரியும் மாறிப் பிறக்கும் வகைகளுக்கு மார்ஃப் என்று பெயர். துரை ஸ்ட்ரைப் மார்ஃப். அவன் வழியில் ஓர் இனத்தை உருவாக்க வேண்டும் என்பது தினேஷின் பல வருட உழைப்பு. வாரிசு இல்லாமல் அது போய்விட்டது.

அவர் எல்லாவற்றையும் விற்றுக்கொண்டிருந்தார். மச்சானின் கைபேசிக் கடைக்கு வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னார். கடைசியாக அந்த ரேக்கையும் ஒருவர் வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. பிலோமியை எங்களிடம் கொடுத்தபோது சொன்னார்: "இவ ஹெட் சார். பாக்க சாதாரணமா இருப்பா. ஆனா கோடு உள்ள இருக்கு. மழைக்கு முன்னாடி துரையோட சேர்த்து விட்டேன். ஒண்ணும் நடக்கல. இவ திரும்பிக்கூடப் பாக்கல."

ஹெட் என்பது இதுதான். ஒரு குணம் உடம்பில் மறைந்து இருக்கும், வெளியே தெரியாது. அதே குணம் உள்ள துணை கிடைத்தால் பிள்ளைகளில் சிலதுக்கு வெளிப்படும். நாசரேத்தில் என் சித்தப்பாவுக்குப் பூனைக்கண். என் தாத்தாவுக்கும் பாட்டிக்கும் இல்லை. ஊரில் அதற்கு வேறு விளக்கங்கள் சொன்னார்கள். எழுபது வருடம் கழித்து, ஒரு பாம்புக்காரர் புண்ணியத்தில் எங்கள் பாட்டியின் பெயர் சுத்தமாயிற்று.

கண் நீலமானது

ஆரம்பத்தில் நான் பிலோமியிடம் காட்டிய மரியாதைக்குப் பயம் என்று பெயர்.

ஹைடு என்றால் ஒளிந்துகொள்ளும் இடம். தொட்டியில் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டிலும் ஒரு ஹைடு இருக்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகள் அத்தனையும் சூட்டை எப்படி உண்டாக்குவது என்றே பேசின. எங்கள் தூத்துக்குடியில் இரண்டு பக்கமும் சூடான பக்கம்தான். குளிர்ந்த பக்கத்துக்கு நான் மண் ஓடு நனைத்துப் போட வேண்டியிருந்தது.

பிங்கி என்றால் ரோமம் முளைக்காத எலிக்குஞ்சு. ஃபஸ்ஸி என்றால் பூனைமயிர் முளைத்தது. ஹாப்பர் என்றால் குதிக்கும் பருவம். அதற்கு மேல் முழு எலி. உறைய வைத்து வருபவை. குளிர்பெட்டியில் வைத்து, தேவையான அன்று எடுத்து, பனி விட்டதும் வெதுவெதுப்பாக்கி இடுக்கியால் காட்ட வேண்டும். எங்கள் குளிர்பெட்டியில் மேல்தட்டு சீலா மீனுக்கும் நெத்திலிக்கும், கீழ்த்தட்டு பிலோமிக்கும். இரண்டுக்கும் தனித்தனி டப்பா, தனித்தனி வண்ண மூடி. இதில் நான் ஒருநாளும் தவறியதில்லை. ஆனால் ஜெசிந்தாவின் அண்ணன் ஐஸ் எடுக்கப் போய் நீல மூடியைத் திறந்துவிட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் அவர் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை.

ஒருநாள் பிலோமியின் கண் பால் நீலமாக இருந்தது. மேல்தோல் மங்கி, சாம்பல் பூத்ததுபோல் கிடந்தாள். கண்ணுக்குப் புரை விழுந்துவிட்டது என்று தினேஷைக் கூப்பிட்டேன். அவர் சிரிக்கவில்லை, அதற்காக இன்றைக்கும் அவர்மேல் எனக்கு மதிப்பு. "அவ ப்ளூல இருக்கா சார். தொடாதீங்க. ரெண்டு மூணு நாள்ல கண்ணு தெளியும், அப்புறம் சட்டைய உரிச்சிடுவா," என்றார். அப்படியே நடந்தது. தலையிலிருந்து வால்நுனிவரை கிழியாமல், காலுறையைக் கழற்றியதுபோல், கண்ணின் மேலிருந்த சின்னச் சில்லோடு சேர்த்து ஒரே உரியாகக் கழன்று கிடந்தது. முழு உரி ஆரோக்கியத்தின் அடையாளம்.

ஆனால் பங்குனி மாதத்தில் நடந்தது வேறு. பிலோமி சாப்பாட்டை மறுத்தாள். உடம்பின் பின்பாதி கனத்தது. மறுபடி கண் நீலமானது, மறுபடி சட்டை உரித்தாள். அதன்பின் இரவும் பகலும் தொட்டியைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடினாள். ஜெசிந்தாதான் முதலில் சொன்னாள்: "இவ கிராவிட்." முட்டை சுமப்பவள் என்று பொருள். "இடுறதுக்கு எடம் தேடுதா. ஈரமா, இருட்டா, மூடி உள்ள ஒரு பெட்டி வேணும்."

அண்ணாச்சி கொடுத்த பெட்டி

தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் சிவபெருமாள் அண்ணாச்சி உடன்குடிக்காரர். கருப்பட்டி அவர் ஊரிலிருந்து ஓலைப்பெட்டியில் வரும். ஜெசிந்தா ஒரு காலிப் பெட்டி கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். பாம்பு முட்டை இட என்று இவள் உள்ளதைச் சொன்னாள்.

அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தாராம். பிறகு, "சார்வாளுக்குப் பென்சன் வர இன்னும் வருசம் கெடக்குல்லா, அதுக்குள்ள ஏன் இப்படி ஆயிட்டாவ?" என்று கேட்டுக்கொண்டே, இருந்ததில் நல்ல பெட்டியாகப் பார்த்து எடுத்துத் தந்தாராம்.

வேறு ஊரில் இருப்பவர்கள் இதற்கு பிளாஸ்டிக் டப்பா வைப்பார்கள். நாங்கள் ஓலைப்பெட்டி வைத்தோம். காற்றோட்டம் உண்டு, இருட்டு உண்டு, மூடி உண்டு. இதைவிடப் பொருத்தமாக ஒன்று உலகத்தில் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை. அதில் ஈர நார்த்தூளை நிரப்பி வைத்தேன். பிலோமி அன்றைக்கே உள்ளே போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிட்டோம்.

ஒரு பக்கம் மட்டும்

படம் எடுத்து தினேஷுக்கு அனுப்பினேன். உடனே அழைத்தார்.

"அதெல்லாம் ஸ்லக் சார். கலரப் பாருங்க. ஆண் சேராமலே பொம்பளப் பாம்பு முட்டை போடும், கரு இருக்காது. வச்சிருந்தா நாறும். தூக்கிப் போட்டுடுங்க."

ஸ்லக் என்றால் கருவில்லாத கூமுட்டை. பிலோமியை ஆறேழு மாதமாக எந்த ஆண் பாம்பும் நெருங்கவில்லை. சேர்த்துவிட்ட காலத்திலும் ஒன்றும் நடக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்பவர் அனுபவசாலி. நான் புதியவன். ஜெசிந்தா மட்டும், சில பாம்புகள் ஆணின் விந்தணுவை மாதக்கணக்கில் உடம்புக்குள் சேமித்து வைத்திருக்கும் என்று மெல்லச் சொன்னாள். அதைத் தொலைபேசியில் சொன்னேன்.

"வேணாம் சார். நான் இத மறுபடி ஆரம்பிக்க மாட்டேன்," என்று வைத்துவிட்டார்.

ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். பிரசங்கம் நல்ல பிரசங்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். என் மனம் துறைமுகத்தில் இருந்தது.

என் தொழிலைத் தொடர்ந்து படிப்பவர்கள் அறிவார்கள். கப்பல் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்து, அதில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கணக்கிடுவது. கப்பலின் உடம்பில் முன், நடு, பின் என்று மூன்று இடத்தில் எண்கள் எழுதியிருக்கும். கரைப் பக்கம் மூன்று, கடல் பக்கம் மூன்று. கரைப் பக்கத்தை நடந்துபோய்ப் படித்துவிடலாம். கடல் பக்கத்துக்குப் படகில் போக வேண்டும், அல்லது கயிற்று ஏணியில் தொங்க வேண்டும். காற்று அடிக்கும் நாட்களில் முகவர்கள் சொல்வார்கள்: கரைப் பக்கம் என்னவோ அதுதானே அந்தப் பக்கமும், எழுதிவிடுங்கள் சார். நிலக்கரியைச் சமமாகத்தான் கொட்டியிருப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வதே சரியாகவும் இருக்கும். ஆனாலும் பார்க்காத பக்கத்தை நான் எழுதியதில்லை. நனைந்து, கன்னம் உப்புப் பூத்துத் திரும்பி வந்து, அதே எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன். சில தடவை மட்டும் வேறு எண்.

தினேஷ் பார்த்தது ஒரு பக்கம். அதுவும் படத்தில். ஈர நார்த்தூள் தண்ணீரைச் சாயமாக்கும் என்பது கயிறு திரிப்பவர்களுக்குத் தெரியும். முட்டையின் நிறம் முட்டையுடையது இல்லாமலும் இருக்கலாம்.

ஆசீர்வாதம் சொல்லி முடிக்குமுன் நான் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எறும்பு

வீட்டுக்குள் நுழைந்ததும் சன்னல் கட்டையில் ஒரு செங்கோடு தெரிந்தது. அது அசைந்தது. சன்னலிலிருந்து சுவர், சுவரிலிருந்து மேசைக்கால், மேசைக்காலிலிருந்து தொட்டியின் வலைமூடி, அங்கிருந்து நேரே ஓலைப்பெட்டி.

பெட்டியின் பொருத்துகளில், ஓலை ஓலையோடு பின்னியிருக்கும் இடுக்குகளில், வருடக்கணக்கில் ஊறிய கருப்பட்டி. காய்ந்திருந்தவரை சும்மா இருந்தது. நாங்கள் வைத்த ஈரத்தில் இளகிப் பாகாகிவிட்டது. தெருவிலிருந்த செவ்வெறும்பு மொத்தத்தையும் நாங்களே பந்தி வைத்து அழைத்திருக்கிறோம். பிலோமி முட்டைகளை விட்டுவிட்டுத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போய்ச் சுருண்டிருந்தாள்.

மருந்து அடிக்க முடியாது. துடைக்கவும் யோசிக்க வேண்டும். முட்டைகளை அள்ளி எடுக்கப் போன என் கையை ஜெசிந்தா பிடித்துக்கொண்டாள்.

"திருப்பிராதிய. கோழி முட்டையத்தான் திருப்பித் திருப்பி வைக்கணும். இத இட்ட வாக்குலேயே வைக்கணும். உள்ள கரு மேல்பக்கம் ஒட்டியிருக்கும். பொரட்டுனா செத்துரும்."

"இதுல கரு இருந்தா."

"இருந்தான்னு வச்சுத்தான் எடுக்கணும்."

அவள் வண்ணம் தீட்டும் தூரிகையால் எறும்புகளை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நான் பென்சிலை எடுத்து ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் அடையாளம் போட்டேன். கை பழக்கத்தில் போட்டது, கப்பலின் நடுவில் இருக்குமே, வட்டமும் குறுக்கே ஒரு கோடும், பாரம் ஏற்றும் எல்லையைக் காட்டும் குறி, அதுவாக இருந்தது.

ஜெசிந்தா தலையை நிமிர்த்தாமலே, "எந்த ஊருக்குப் போவுதாம் கப்பலு?" என்றாள்.

குவியலைப் பிரிக்காமல், சாயாமல், நார்த்தூளோடு சேர்த்து ஒரே தடவையில் அள்ளி எடுத்து ஒரு டப்பாவில் வைத்தோம். என் இரண்டு கையிலும் எறும்புகள் கடித்துக்கொண்டிருந்தன. உதற முடியவில்லை. அசையாமல் நடந்து குளியலறைக்குப் போனேன். எங்கள் வீட்டில் பகலில் இருட்டான அறை அது ஒன்றுதான். ஜெசிந்தா கதவைச் சாத்தி, கைபேசி விளக்கை ஒரு முட்டையின் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்தாள்.

இதற்கு கேண்டிலிங் என்று பெயர். முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து உள்ளே பார்ப்பது. கூமுட்டை வெறும் மஞ்சளாகத் தெரியும்.

முட்டை உள்ளிருந்து விளக்கேற்றியதுபோல் இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. அந்தச் சிவப்புக்குள், ஆலிலையில் நரம்பு ஓடுவதுபோல், மெல்லிய ரத்தக் குழாய்கள் கிளைகிளையாகப் பிரிந்து ஓடின.

அடுத்த முட்டையைப் பார்த்தோம். அதிலும் இருந்தது. ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும் மஞ்சளாக, வெறுமையாக இருந்தன. மற்ற அத்தனையிலும் ரத்தம்.

ஜெசிந்தா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் அப்போதுதான் கைகளை உதறினேன்.

மீன்பெட்டி

அந்தப் படத்தையும் தினேஷுக்கு அனுப்பினேன். பதில் மாலையில் வந்தது. செல்போன் வெளிச்சத்தில் எல்லாமே சிவப்பாகத்தான் தெரியும் என்று ஒரு வரி. எனக்குக் கோபம் வரவில்லை. நம்பி ஏமாறுவதைவிட நம்பாமலே இருந்துவிடலாம் என்று முடிவு செய்த மனிதரின் வரி அது. ரேக்கை எடுக்க வருகிறவர் ஆனி மாதம் வருகிறார் என்று ஜெசிந்தா விசாரித்து வைத்திருந்தாள். முட்டை பொரிய இரண்டு மாதம் போல ஆகும். கணக்கு நெருக்கிப் பிடித்துத்தான் நின்றது.

முட்டைகளை அளவான சூட்டில் வைத்துப் பொரிக்கும் பெட்டிக்கு இன்குபேட்டர் என்று பெயர். குளிர் தேசத்தில் அது சூடு தரும் பெட்டி. இந்த முட்டைகளுக்கு இருபத்தெட்டு டிகிரி போதும். சித்திரை மாதத் தூத்துக்குடியில் அதை எங்கே போய்த் தேடுவது? எனக்கு வேண்டியது குளிர்விக்கும் பெட்டி.

அது நம் ஊரில் குவிந்து கிடக்கிறது. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் போட்டு மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டி. புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். முட்டை டப்பாவை நடுவில் வைத்து, ஓரத்தில் குளிர்ந்த தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி, உள்ளே வெப்பமானியைத் தொங்கவிட்டேன். நான்கு மூலைக்கும் கீழே செங்கல், செங்கலைச் சுற்றித் தட்டில் தண்ணீர். இனி ஓர் எறும்பும் நீந்தாமல் வர முடியாது. காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, மதியம் ஜெசிந்தா ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை என்று புட்டி மாற்றினோம். மின்சாரம் நின்ற ஒரு பகலில் அண்ணாச்சி, பால் பாக்கெட் கெடாமல் வைத்திருந்த தன் ஐஸ் பெட்டியிலிருந்து புட்டிகளை எடுத்துக்கொண்டு அவரே வந்தார். தொட்டிப் பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்தபடி நீட்டினார்.

"பிள்ளைய எப்படி இருக்காவ?" என்று சுவரிடம் கேட்டார்.

வாரம் ஒரு படம் தினேஷுக்குப் போனது. பார்த்ததற்கான அடையாளம் விழும். பதில் வராது.

வைகாசி கழியும் நேரத்தில் முட்டைகள் ஒடுங்க ஆரம்பித்தன. உருண்டு நின்றவை குழி விழுந்து, காற்றுப் போன பந்துபோல் ஆயின. பொரிக்கும் காலம் நெருங்கினால் அப்படி ஆகும் என்று படித்திருந்தோம். வறண்டுபோய்ச் செத்தாலும் அப்படித்தான் ஆகும் என்றும் படித்திருந்தோம். அந்த நாட்களில் நாங்கள் இருவரும் மீன்பெட்டியைப் பற்றி மட்டும் பேசாமல் மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

பிப்

ஒருநாள் அதிகாலையில் புட்டி மாற்ற மூடியைத் திறந்தேன். ஒரு முட்டையில், என் பென்சில் குறிக்குச் சற்றுத் தள்ளி, பிளேடால் கீறியதுபோல் ஒரு கீறல். அதன் வழியே ஈரமான ஒரு மூக்கு நீட்டிக்கொண்டிருந்தது. உளுந்து அளவு. அதில் இரண்டு துளை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

இதற்கு பிப் என்று பெயர். குஞ்சின் மேல்வாயில் இதற்கென்றே ஒரு முட்டைப்பல் இருக்கும். அதால் ஓட்டைக் கிழிக்கும். வேலை முடிந்ததும் அந்தப் பல் உதிர்ந்துவிடும். கிழித்த உடனே வெளியே வராது. தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள், இரண்டு நாள் உலகத்தைப் பார்த்தபடி உள்ளேயே கிடக்கும். இழுத்துவிடக் கூடாது.

படம் அனுப்பிய மறுநிமிடம் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"சார், கோடு இருக்கா?" என்றார் தினேஷ்.

தலை மட்டும்தான் தெரிகிறது, முதுகு இன்னும் உள்ளே இருக்கிறது என்றேன். அன்றிரவே ரயில் ஏறிவிட்டார்.

அவர் வருமுன் இரண்டு குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. பேனாத் தடிமன்கூட இல்லை. அழகென்றால் அழகு. ஆனால் இரண்டின் முதுகிலும் திட்டுகள். சாதாரணத் திட்டுகள். தாயைப்போல.

வேறு ஆண் யாரும் இல்லையே, துரைதானே தகப்பன், பிறகு ஏன் இப்படி என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன். பாதிக்குத்தான் கோடு வரும், அதுவும் சராசரிக் கணக்கு, நாணயம் சுண்டுவது மாதிரி என்றாள். மொத்தமும் பூவாகவே விழுந்துவிடவும் கூடுமா என்றேன். அவள் தோசைக்கல்லைத் துடைத்தாள்.

தினேஷ் வந்தார். தோளில் ஒரு பை, கழுவாத முகம். காபியை மறுத்துவிட்டு நேரே மீன்பெட்டி முன் தரையில் உட்கார்ந்தார். வெளியே வந்த இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். நன்றாக இருக்கின்றன சார், ரொம்ப ஆரோக்கியமாக இருக்கின்றன என்றார். சொன்ன விதத்திலேயே அவர் அடுத்த ரயிலுக்கு நேரம் பார்ப்பது தெரிந்தது.

ஒரு மணி நேரம் போல் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கீறல் விழுந்த முட்டைகளில் நான்கைந்து தலைகள் எட்டிப் பார்த்தபடி இருந்தன.

பிறகு நடுவில் இருந்த முட்டையிலிருந்து ஒன்று வெளியே நழுவத் தொடங்கியது. தலை. கழுத்து. கழுத்தில் இரண்டு கோடு. அது எல்லாக் குஞ்சுக்கும் இருக்கும். கழுத்துக்குக் கீழே அந்தக் கோடுகள் உடைந்து திட்டாக வேண்டும்.

உடையவில்லை.

விரற்கடை விரற்கடையாக உடம்பு வந்துகொண்டே இருந்தது. கோடும் வந்துகொண்டே இருந்தது. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல், முட்டையின் பசையில் மின்னியபடி, இரண்டு நீளக் கோடுகள். வால்நுனி கடைசியாக ஓட்டை விட்டு வெளியே வந்தபோதும் அது உடையவில்லை.

ஜெசிந்தா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்திருந்ததை மாலையில்தான் பார்த்தேன்.

தினேஷ் கையை நீட்டினார். அது பின்னால் வளைந்து, இம்மியளவு வாயைத் திறந்து, அவர் சுண்டுவிரலைப் பாய்ந்து கவ்வியது. பிறந்து ஐந்து நிமிடம் ஆகாத ஒன்று, தன்னைவிடப் பல நூறு மடங்கு பெரியதைக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் விரலை இழுக்கவில்லை. அதுவாக விடும்வரை அப்படியே வைத்திருந்தார். விரலில் ஊசி குத்தியதுபோல் இரண்டு மூன்று சிவப்புப் புள்ளிகள்.

ஜெசிந்தா பஞ்சு எடுக்கப் போனாள். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். மற்ற கையால் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அழைத்தார்.

"அம்மா. அந்த ஆளு ரேக்க எடுக்க வந்தா, தர்றதா இல்லன்னு சொல்லிடு... ஆமா. வேலைக்கு வரலன்னு மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்... இங்கதான், தூத்துக்குடில. பொறந்துடுச்சும்மா."

யார் பிறந்தது என்று அந்த அம்மா கேட்டது எங்களுக்கே கேட்டது.

அவர் விரலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"துரை."